ஏணைக்கயிறு: தோட்டத்துப் பெற்றோரின் உறக்கவேளை

சித்தியவான் என்னும் ஊர்ப்பெயருக்கு மக்களிடையே ஒரு கதை வழங்கி வருகின்றது. ஆற்றோரச் சேற்றில் யானை ஒன்று சிக்கிக்கொண்டது. உடன் வந்த மற்றொரு யானை அதனைக் கரையேற்ற முயன்றது. முயற்சி பலிக்கவில்லை. ஆயினும் தோழனை விட்டு அகல மனமின்றி அங்கேயே நின்றது. ‘செத்தியா காவான்’ என்னும் மலாய்த்தொடர் உற்ற நண்பன் எனப் பொருள்படும். அதுவே மருவிச் சித்தியவான் ஆயிற்று என்பர். யானை இறந்த ஆற்றுச் சிற்றூர் எனப் பொருள் தரும் மலாய்ப் பெயரொன்றும் முற்காலத்தில் இவ்வூருக்கு இருந்ததாகக் கூறுவர். சொல்லாராய்ச்சி வல்லார் இக்கதையை ஏற்பரோ மறுப்பரோ, இவ்வட்டாரத்துக் குழந்தைகள் தடையின்றி ஏற்றுக்கொண்டனர். இரவில் பாயை விரித்து, விளக்கைத் தணித்து, ஒரு பக்கம் மகனும் மறுபக்கம் மகளுமாகத் தலைசாய்த்துக் கிடக்கும் வேளையில் சொல்லத் தகுந்த கதை இது. யானை ஏன் ஓடிப்போகவில்லை என்னும் கேள்வி எழும். அதற்கு விடை சொல்லி முடிப்பதற்குள் கேட்ட பிள்ளை உறங்கிவிடும்.

வரலாற்று நூல்களிலோ இவ்வூரின் கதை வேறு வகையாகத் தொடங்குகின்றது. 1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கையால் பங்கோர்த் தீவும் அதன் எதிர்க்கரை நிலமும் ஆங்கிலேயர் கைக்குச் சென்றன. டிண்டிங்ஸ் எனப்பட்ட அந்நிலப்பகுதி தொடுவாய்க் குடியேற்றங்களுள் ஒன்றாக ஆளப்பட்டு, 1935ஆம் ஆண்டில் மீண்டும் பேராக்குடன் சேர்க்கப்பட்டது. 1903இல் சீன நாட்டுப் பூச்சோவ் பகுதியிலிருந்து மெதடிஸ்டுக் கிறித்தவர்கள் வந்து சித்தியவானில் குடியேறினர். இரப்பர் விலை ஏற ஏற, காடுகள் தோட்டங்களாயின. சுங்கை வாங்கி, சொகமானா முதலிய பெயர்கள் தமிழர் நாவில் பழகின. டிண்டிங்சில் ஒரு சட்டம், எல்லை கடந்து புருவாசுக்குச் சென்றால் வேறொரு சட்டம் என்றிருந்த காலம் அது. தாலாட்டுக்கு மட்டும் அவ்வெல்லை இருந்ததில்லை.

தோட்டங்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்தன. எத்தனை ஏக்கர், எத்தனை மரம், நாளொன்றுக்கு எத்தனை இராத்தல் பால், எவர் வேலைக்கு வந்தார், எவர் வரவில்லை என்பனவெல்லாம் செக்ரோல் ஏட்டிலும் கணக்குப் புத்தகங்களிலும் ஏறின. தொழிலாளியின் பகற்பொழுது இவ்வாறு நிமிடக்கணக்கில் பதிவாயிற்று. அவனும் அவன் மனைவியும் வீடு திரும்பிய பின் நிகழ்ந்தவற்றைப் பதிந்து வைக்க எவரும் இலர். தாயும் தந்தையும் தம் மக்களோடு கழித்த இரவின் முதல் இரண்டு மணி நேரமே அவர்களுக்கு உரிமையான பொழுது. ஊதியம் தருவோர்க்கு அப்பொழுதில் பங்கில்லை. அதனாற்றான் ஏடுகள் அதனைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை போலும். பாட்டிலும் கதையிலும் முதியோர் நினைவிலுமே அதனைத் தேட வேண்டியுள்ளது.

தமிழுக்கு இப்பொருள் புதியதன்று. ‘தால்’ என்பது நாவைக் குறிக்கும் பழஞ்சொல். நாவை ஆட்டி எழுப்பும் ஒலியால் உறங்கவைத்தலின் தாலாட்டு என்னும் பெயர் அமைந்தது என்பது பொதுவாக ஏற்கப்பெற்ற விளக்கம். தொல்காப்பியர் புறத்திணையியலில் குழந்தையும் பாட்டுடைத் தலைமைக்கு உரியது என்று விதி வகுத்தார். பாண்டியன் அறிவுடைநம்பி, பெருஞ்செல்வம் படைத்து உண்டு வாழ்பவராயினும், குறுகுறு நடையுடன் வந்து உண்கலத்தில் கைவிட்டுக் குழப்பும் புதல்வர் இல்லையேல் வாழ்நாளில் பயனில்லை என்னும் கருத்தைப் புறநானூற்றில் வைத்தான். திருவள்ளுவர் மக்கட்பேற்றுக்கென ஓர் அதிகாரமே அமைத்தார். பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலிலிட்டுப் பாடினார். குலசேகராழ்வார் திருக்கண்ணபுரத்தில் எழுந்தருளிய இராமனுக்குத் தாலாட்டுப் பாடினார். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் தாலப்பருவமும் ஒன்று. ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் முதல் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் வரை இவ்வழி தொடர்ந்தது.

பெரியாழ்வாரின் தாலாட்டில் ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அப்பதிகத்தில் தேவர்கள் ஒவ்வொருவராகக் குழந்தைக்குச் சீர் அனுப்புகின்றனர். ஒருவர் மணித்தொட்டில் விடுக்கின்றார்; மற்றவர் அரைஞாணும் பிற அணிகளும் விடுக்கின்றனர். நாட்டுப்புறத் தாயின் தாலாட்டிலும் இதே அமைப்புத்தான். தேவர்களின் இடத்தில் மாமன் நிற்கின்றான். அத்தையும் பாட்டியும் நிற்கின்றனர். மாமன் கொண்டுவரும் பொற்சலங்கையும் பட்டுச்சட்டையும் வரிசையாகச் சொல்லப்படும். அழும் குழந்தையிடம், உன்னை அடித்தவர் யார் என்று கேட்டு உறவினர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பதும் உண்டு. தாலாட்டு என்பது உறக்கத்திற்கான பாட்டு மட்டுமன்று. உறவுமுறையின் பாடநூலும் ஆகும். எழுத்தறியும் முன்பே குழந்தை தன் தாய்மாமனை அறிவது இப்பாட்டின் வழியேதான்.

மலாயாவுக்கு வந்த தாய்மார்க்கு ஏற்பட்ட இடர் இங்கேதான் தோன்றுகின்றது. பாட்டில் வரும் மாமன் திருச்சியிலோ தஞ்சையிலோ சேலத்திலோ ஆர்க்காட்டிலோ இருந்தான். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கு வந்திறங்கி, நோய்த்தடுப்பு முகாமிலிருந்து வெளிவந்து, கங்காணியின் பின்னே தோட்டம் புகுந்தவளுக்கு, பெயர் சொல்ல உறவு உண்டு. நேரில் காட்ட உறவு இல்லை. 1926 முதல் 1973 வரை தமிழகத்துக்கும் மலாயாவுக்குமிடையே ஓடிய ரஜுலா கப்பலில் மாமன் வருவான் என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் பலர். வந்த மாமன்மார் சிலரே. வரவேண்டிய பொற்சலங்கை பாட்டிலேயே தங்கிவிட்டது.

ஆயினும் உறவு அற்றுப்போகவில்லை. ஒரே கப்பலில் வந்தவர், ஒரே லயத்தில் குடியிருந்தவர், ஒரே கங்காணியின் கீழ் மரம் வெட்டியவர் ஆகியோர் அண்ணன் ஆயினர், மாமா ஆயினர், சின்னம்மா ஆயினர். முறை சொல்லி அழைக்கும் இவ்வழக்கம் மலேசியத் தமிழரிடம் இன்றுவரை வலுவாக உள்ளது. இதற்குக் காரணம் பலவாகலாம். பாட்டில் ஒரு மாமன் தேவைப்பட்டான். அடுத்த வீட்டுக்காரர் அவ்விடத்தில் அமர்ந்தார் என்பதும் அக்காரணங்களுள் ஒன்றாதல் கூடும்.

தோட்டத்துத் தாலாட்டின் காலத்தை ஓரளவு கணித்துச் சொல்லவும் இயலும். தொடக்கத்தில் தாய்மாரே குறைவு. மலாயாவில் வாழ்ந்த இந்தியருள் 1901ஆம் ஆண்டில் 1,000 ஆண்களுக்கு 200 பெண்கள்கூட இலர். 1931இல் இத்தொகை 500ஐ நெருங்கியது. 1947இல் 600ஐத் தாண்டியது. ஒப்பந்தக்கூலி முறை 1910ஆம் ஆண்டில் முடிவுற்றதும், கங்காணி முறையில் குடும்பமாக வருவோர் பெருகியதும், 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் இம்மாற்றத்திற்குக் காரணங்கள். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்த பின், தோட்டத்து மக்கள்தொகை கப்பலை நம்பி வளரவில்லை. தொட்டிலை நம்பியே வளர்ந்தது. லயங்களில் தாலாட்டு ஒலி எழத்தொடங்கியபோதுதான் கூலிமுகாம் குடியிருப்பாக மாறியது. வந்தவர் திரும்பிப் போவர் என்று எண்ணிய நிருவாகத்தாருக்கு இது முதலில் விளங்கவில்லை.

அவ்வேளையின் அருமையை உணர ஒரு நாளின் நிகழ்ச்சிகளை நோக்குதல் வேண்டும். இரப்பர் மரத்தில் பால் நன்கு வடிவது குளிர்ந்த விடியற்பொழுதில். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே இருள் விலகும் முன்பே பெரட்டுக்குச் செல்லவேண்டும். அதற்கும் முன்பே எழுந்து கஞ்சியோ சோறோ ஆக்கவேண்டும். தாயும் வேலைக்குச் செல்பவளே. 1928ஆம் ஆண்டில் சில முக்கிய வட்டாரங்களுக்கு விதிக்கப்பட்ட நிலையூதியம் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது அதுவும் வெட்டப்பட்டது. அந்த 40 காசு இல்லாமல் குடும்பம் நடவாது. ஆகவே உறங்கும் குழந்தையை உறக்கத்திலேயே துணியில் சுற்றி எடுத்துச் சென்று ஆயாக் கொட்டகையில் விடுவாள். அங்கே வரிசையாக ஏணைகள் தொங்கும். வேலை செய்ய இயலாத முதியவள் ஒருத்தி ஆயாவாக இருந்து, பத்துப் பதினைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். குழந்தை கண் விழிக்கும்போது தாய் நிரையில் இருப்பாள். கையில் உளி, தோளில் காண்டாவும் வாளியும், முன்னே நூற்றுக்கணக்கான மரங்கள்.

இலங்கை மலையகத்திலும் இதே நிலைமைதான். அங்கே கொட்டகையின் பெயர் பிள்ளை மடுவம். கொழுந்து நிறுத்துவிட்டு ஓடிவந்து பால் கொடுக்கும் தாயைப் பற்றி மலையகத்தார் எழுதியுள்ளனர். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அம்மக்களின் பாடல்களைத் தொகுத்து வைத்தமையால் அவ்வாழ்வின் குரல் ஓரளவு எஞ்சியுள்ளது.

காலையில் உறங்கும் குழந்தையை விட்டுச் சென்றவள், பால் நிறுத்துக் கொடுத்து, மங்குகளையும் வாளியையும் கழுவி, வீடு வந்து, தண்ணீர் சுமந்து, விறகு பொறுக்கி, சமைத்து முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிடும். விழித்திருக்கும் தன் குழந்தையை அவள் மடியில் வைத்துக்கொள்ளும் நேரம் விளக்கேற்றியதிலிருந்து உறங்கும்வரை உள்ள நேரமே. இரவு எட்டு மணிக்கு மேல் விழித்திருந்தால் மறுநாள் பெரட்டுக்கு எழ இயலாது. எனவே அந்நேரம் குறுகியது; குறுகியதாகையால் அருமையானது. வசதியுள்ள வீட்டில் குழந்தையை உறங்கவைத்தல் அன்றாட வேலைகளுள் ஒன்று. தோட்டத்துத் தாய்க்கோ நாள் முழுவதும் காத்திருந்து பெற்ற கூலி அதுவே.

ஏணை கட்டும் முறையையும் குறிப்பிடல் தகும். உத்தரத்தில் கயிறு கட்டி, பழைய சேலையை இருமடியாகத் தொங்கவிட்டால் ஏணை ஆயிற்று. புதுச்சேலையினும் பழஞ்சேலையே சிறந்தது. துவைத்துத் துவைத்து மென்மையானது, தாயின் மணம் ஊறியது. மலாய்க்காரர் இல்லங்களில் சாரோங் துணியைத் தொட்டிலாகக் கட்டுவர். அவர்களிடமும் ‘டோடோய்’ எனப்படும் தாலாட்டு உண்டு. பிற்காலத்தில் கயிற்றுக்கும் துணிக்கும் இடையே இரும்புச் சுருள்வில் வந்து சேர்ந்தது. பக்கவாட்டில் ஆடிய ஏணை அதன்பின் மேலும் கீழும் ஆடலாயிற்று. இச்சுருள்வில் தொட்டில் இனவேறுபாடின்றி மலேசியாவில் பரவிற்று. ஆட்டத்தின் திசை மாறியபோது தாலாட்டின் நடையும் சிறிது மாறியிருத்தல் வேண்டும். இசை அறிந்தோர் ஆராயத்தக்கது இது.

பழைய லயங்கள் பலவற்றில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தடுப்பு கூரைவரை எட்டுவதில்லை. ஒரு வீட்டின் சண்டையும் சிரிப்பும் இருமலும் எல்லா வீட்டிற்கும் கேட்கும். இது பெருந்துன்பமே. ஆனால் தாலாட்டின் செய்தியில் ஒரு வியத்தகு விளைவும் இதனால் உண்டாயிற்று. ஒருத்தி பாடினால் நான்கு வீட்டுக் குழந்தைகள் உறங்கும். பாட்டறியாத இளந்தாய், சுவருக்கு அப்பால் பாடுபவளிடமிருந்து கற்றுக்கொள்வாள். தன் தாயை ஊரில் விட்டு வந்தவளுக்கு இது பேருதவி. சேலத்துச் சொல்லும் தஞ்சைச் சொல்லும் கொங்குச் சொல்லும் ஒரே பாட்டில் கலந்தது இவ்வாறுதான். தமிழகத்தில் ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி வேறுபட்டு நின்ற பாடல்கள், கூரைக்கடியில் உள்ள இடைவெளியின் வழியே ஒன்றாயின.

தந்தையர் பங்கினையும் மறத்தலாகாது. தாலாட்டு தாயினுடையது, கதை பெரும்பாலும் தந்தையினுடையது, தாத்தா இருந்தால் தாத்தாவினுடையது. வீட்டு முன்புறத்து அஞ்சடியில் சாக்கு விரித்து அமர்ந்து, பிள்ளைகளைச் சுற்றிலும் இருத்திக்கொண்டு கதை சொல்வர். தெனாலிராமன், விக்கிரமாதித்தன், மதுரை வீரன், அல்லி அரசாணி, நல்லதங்காள் ஆகியன அடிக்கடி சொல்லப்பட்டவை. கொங்குநாட்டினர் பொன்னர் சங்கர் கதையை நாள்கணக்கில் வளர்த்துச் சொல்வர். ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய எழுத்துக் கதைப்புத்தகங்கள், எழுத்தறிந்தவர் ஒருவர் லயத்தில் இருந்தால், விளக்கொளியில் இராகமிட்டு வாசிக்கப்படும். 1924இல் தோன்றிய தமிழ் நேசனும் 1935இல் தோன்றிய தமிழ் முரசும் தோட்டம் வந்து சேர்ந்தபின், செய்தியும் கதையோடு சேர்ந்தது. பள்ளிக்குச் செல்லும் மகன் வாசிக்க, எழுத்தறியாத் தந்தை கேட்பதும் நிகழ்ந்தது. அவ்வேளையில் யார் யாரை உறங்கவைத்தார் என்று சொல்வது கடினம்.

நல்லதங்காள் கதையை இளம்பிள்ளைகளுக்குச் சொல்லுதல் தகுமா என்று ஆசிரியப் பயிற்சி பெற்றோர் வினவலாம். வறுமை தாங்காது ஏழு மக்களையும் கிணற்றில் வீழ்த்தித் தானும் வீழ்ந்த தாயின் கதை அது. பயிற்சி நூல்கள் அதனை ஏற்கா. ஆனால் அதனைச் சொன்ன தாய்மார், பசி என்பது எத்தகையது என்று அறிந்தவர்கள். கதை கேட்ட பிள்ளை தாயை இறுகப் பற்றிக்கொள்ளும். அவளும் இன்னும் இறுக அணைத்துக்கொள்வாள். கதையின் பயன் அங்கே முடிந்துவிட்டது.

எல்லா வீட்டிலும் இந்நேரம் இனிதாக இருந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. மாலையில் அங்குச் சென்ற தந்தை எந்நிலையில் திரும்புவார் என்று தாயும் பிள்ளைகளும் செவியைத் தீட்டிக்கொண்டு கிடந்த இரவுகள் பல. உறங்குவதுபோல் கிடப்பதையும் தோட்டத்துப் பிள்ளைகள் இளமையிலேயே கற்றனர். நோயும் இருந்தது. மலேரியாக் காய்ச்சல் குழந்தைகளைக் கொண்டுசென்ற காலத்தில், காலியான ஏணைகள் தொங்காத லயம் அரிது. பிறந்த குழந்தை தங்கவேண்டும் என்று தாய்மார் நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடனே கரும்புத்தொட்டில். கரும்புக்கழியில் துணியைக் கட்டி, குழந்தையை அதிலிட்டு, தாயும் தந்தையும் இருபுறமும் சுமந்து கோவிலை வலம் வருவர். ஈப்போ கல்லுமலையிலும் பிற முருகன் தலங்களிலும் தைப்பூசத்தன்று இதனை இன்றும் காணலாம். லயத்தின் உத்தரத்தில் தொங்கிய தொட்டில், அன்று ஒருநாள் மட்டும் வெயிலுக்கு வந்து ஊரறிய உலாப் போகின்றது.

1941ஆம் ஆண்டு டிசம்பரில் சப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அதன்பின் மூன்றரை ஆண்டுகள் தோட்டத்து இரவுகள் வேறாயின. இரப்பருக்கு விலையில்லை, அரிசி இல்லை, மரவள்ளியே உணவு. துணிப் பஞ்சத்தில் கோணிப்பையே ஆடையானபோது, ஏணை கட்ட மென்சேலைக்கு எங்கே செல்வது? இவற்றினும் கொடியது சயாம்–பர்மா இரயில் பாதை. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். வேலைக்கென்று அழைக்கப்பட்டுச் சென்றவர் உண்டு. வழியில் பிடித்து ஏற்றப்பட்டவரும் உண்டு. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. சென்றவருள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய புதினங்கள் அத்துயரைக் கூறுகின்றன.

அக்காலத்துத் தாய்மாரின் பாட்டைப் பற்றி ஒன்று எண்ணிப் பார்க்கத்தக்கது. தாலாட்டும் ஒப்பாரியும் அமைப்பில் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை. இரண்டும் பெண்டிரால் பாடப்படுவன. இரண்டிலும் உறவினர் வரிசையாக அழைக்கப்படுவர். இரண்டின் இசையும் இழுத்து நீட்டி இறங்குவது. சிறு மாற்றத்தால் ஒன்று மற்றொன்றாகிவிடும். கணவன் சயாமிலிருந்து வருவானா மாட்டானா என்று அறியாதவள் இரண்டில் எதைப் பாடுவாள்? இறந்தான் என்ற செய்தி வராமல் ஒப்பாரி வைத்தல் ஆகாது. குழந்தையோ உறங்கியாக வேண்டும். ஆகவே அவள் தாலாட்டையே பாடினாள். அப்பா வருவார் என்பதும் அப்பாட்டில் ஓர் அடியாக நின்றது. பிள்ளைகள் வளர்ந்து, அவ்வடி தேவையற்றுப்போகும்வரை அது நின்றது. ஒப்பாரி பாடப்படாமலே போன சாவுகள் தோட்டங்களில் மிகப்பல.

1948 சூன் திங்களில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டபின் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. 1960வரை அது நீடித்தது. காட்டை ஒட்டிய வட்டாரங்களில் முள்வேலிகள் எழுந்தன, ஊரடங்கு வந்தது. ஊரடங்கின் விளைவாக மாலையிலேயே எல்லோரும் வீட்டிற்குள் அடங்கினர். கள்ளுக்கடைப் பக்கம் செல்ல இயலாத தந்தையர் பிள்ளைகளோடு இருக்க நேர்ந்தது. நன்மை என்று இதனைச் சொல்லத் துணிவில்லை. வேலிக்கு அப்பால் துப்பாக்கி ஒலிக்கும்போது சொல்லப்படும் கதையின் இன்பம் எத்தகையதாக இருக்கும்? இருப்பினும் அத்தலைமுறையினர் பலர்க்கு அப்பாவின் குரலில் கேட்ட கதை என்றால் ஊரடங்குக் காலமே நினைவிற்கு வருகின்றது.

விடுதலைக்குப் பின் நேர்ந்த மாற்றங்கள் விரைவானவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனை எதிர்கொள்ள 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. தோட்டத்து மின்னாக்கி இரவில் குறிப்பிட்ட மணிவரை ஓடியது. அது நிற்கும் நேரமே பிள்ளைகள் உறங்கும் நேரம் ஆயிற்று. 1963 இறுதியில் மலாயாவில் தொலைக்காட்சி தொடங்கியது. சில ஆண்டுகளில் லயத்துக்கு ஒரு பெட்டி வந்தது. பின் வீட்டுக்கொரு பெட்டி. எல்லாக் குற்றத்தையும் அப்பெட்டியின்மேல் சுமத்துவார் உண்டு. அது முழு உண்மையன்று. குடும்பங்கள் தோட்டத்தை விட்டுச் சித்தியவான், ஈப்போ போன்ற நகரங்களுக்கும், இன்னும் தொலைவிலுள்ள தொழிற்பேட்டைகளுக்கும் பெயர்ந்தன. தொழிற்சாலையில் இரவுமுறை வேலை இருந்தது. தோட்டம் தாயின் காலையைப் பறித்தது. தொழிற்சாலை இரவையும் கேட்டது. பெரட்டுக்கு முன் குழந்தையைத் தூக்கிச் சென்றவளின் மகள், குழந்தை உறங்கும் முன்பே தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினாள். அவ்வீடுகளில் தாலாட்டைத் தாங்கியவர் பாட்டிமாரே.

இப்பாடல்களைச் சேர்த்து வைக்கும் முயற்சி தமிழகத்தில் முன்னரே தொடங்கிற்று. பெர்சி மக்வீன் என்னும் ஆங்கிலேய அதிகாரி திரட்டியவற்றைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் ‘மலையருவி’ என்னும் பெயரில் வெளியிட்டது. நா. வானமாமலை தமிழர் நாட்டுப் பாடல்களைத் தொகுத்து ஆராய்ந்தார். மலேசியாவில் முத்தம்மாள் பழனிசாமி, கொங்குநாட்டிலிருந்து வந்த குடும்பத்தின் கதையை எழுதியதோடு நாட்டுப்புறப் பாடல்களையும் திரட்டி வெளியிட்டார். செய்யப்பட்டவை சில, செய்யப்படாமல் போனவை பல. கல்லூரியில் பிள்ளைத்தமிழின் தாலப்பருவத்திற்குப் பொருள் எழுதித் தேறிய மாணவன், தன் வீட்டுப் பாட்டியின் தாலாட்டில் ஓரடியும் எழுதி வைத்ததில்லை. ஆசிரியரும் அதனைக் கேட்டதில்லை.

தொகுக்கச் சென்றோர் ஓர் இடையூற்றைக் கண்டதுண்டு. எழுபதும் எண்பதும் கடந்த மூதாட்டியரிடம் தாலாட்டுப் பாடுமாறு வேண்டினால், மறந்துவிட்டது என்பர். இரண்டடி பாடி நிறுத்திவிடுவர். மறதி அன்று காரணம். கை ஆடினால்தான் நாவும் ஆடும். கயிற்றைப் பிடிக்காத கைக்குப் பாட்டு வருவதில்லை. சரி, ஏணை ஒன்றைக் கட்டித் தருகிறோம், அதனை ஆட்டிப் பாடுங்கள் என்றாலோ, அதற்கும் இசையமாட்டார்கள். பிள்ளையில்லாத ஏணையை ஆட்டலாகாது என்பது அவர்கள் நம்பிக்கை. அக்கம்பக்கத்தில் கைக்குழந்தை எவரிடமாவது இருந்தால் வாங்கி வாருங்கள் என்பர். குழந்தை வந்து, ஏணையில் கிடத்தப்பட்டு, கயிறு கைக்கு வந்ததும், இருபது முப்பது அடிகள் தடையின்றி வரும்; விட்டு வந்த ஊர்ப்பெயரும், காணாத மாமன் பெயரும், திரும்பாதவர் பெயரும் வரும். குழந்தை உறங்கியவுடன் பாட்டும் நின்றுவிடும்.